நேருக்கு நேர் மோதல் வழக்கில் ஒரு வழக்கறிஞரின் சேவை: நிறையும் குறையும்

2022 ஆகஸ்டில் செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, பேருந்து ஒன்றை முந்திக்கொண்டு எதிரே வந்த சரக்கு லாரி எங்கள் காரின் மீது நேருக்கு நேர் மோதியது. காரை ஓட்டிய என் தங்கையின் கணவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த எனக்குத் தொடை எலும்பு முறிந்தது. தங்கை தொடுத்த இழப்பீட்டு வழக்கை இரண்டே கால் ஆண்டுகள் நடத்திய வழக்கறிஞரின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்புரை. அவருடைய பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் தேடக் கூடாது என்பது, அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி. அதோடு அவரைப் பற்றி எனக்குச் சில மனக்குறைகளும் உண்டு.

அவரிடம் போவதற்கு முன் எங்களைத் தேடி வந்தவர் வேறொருவர். மருத்துவமனையில் நான் காலில் எடை கட்டிப் படுத்திருந்த மூன்றாம் நாளே, 'வக்கீல் ஆபீஸிலிருந்து வருகிறேன்' என்று ஒருவர் வந்து, வெற்று வக்காலத்து தாளில் (வழக்கை நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில்) தங்கையின் கையெழுத்தைக் கேட்டார். கைச்செலவு எதுவும் வேண்டாம், வருகிற பணத்தில் 20 சதவீதம் கொடுத்தால் போதும் என்றார். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிகளின்படி தடை செய்யப்பட்டவை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தங்கை கையெழுத்துப் போடும் நிலையில் இல்லாததுதான் எங்களைக் காப்பாற்றியது.

நான் சொல்லும் வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே கட்டணத்தைத் தாளில் எழுதிக் கொடுத்தார்: மனு தாக்கலுக்கு 15,000, சாட்சி விசாரணை தொடங்கும்போது 20,000, தீர்ப்புக்குப் பின் வென்றாலும் தோற்றாலும் 25,000. இன்னொன்றையும் அவரே சொன்னார். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞரைப் பெறத் தங்கைக்கு உரிமை உண்டு என்றும், அங்கே போவதானால் தானே கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னார். தன்னிடம் வந்த வழக்கை வேறு வாசலுக்கு அனுப்பத் தயங்காத ஒருவரிடமே வழக்கைக் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

அவர் கேட்ட முதல் ஆவணம் காரின் பாலிசி. வாகன உரிமையாளரே ஓட்டுநராக இருந்து இறந்தால், செல்லுபடியாகும் உரிமம் இருக்கும் பட்சத்தில், கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீட்டின் கீழ் 15 லட்சம் ரூபாய் கிடைக்கும். தவறு யாருடையது என்ற கேள்வியே அதில் எழாது. தங்கை கணவர் அந்தப் பிரீமியத்தைக் கட்டியிருந்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. படிவத்தை நிரப்பிக் கொடுத்ததற்கு வழக்கறிஞர் தனியாக எதுவும் வாங்கவில்லை. தீர்ப்பு வரும்வரை குடும்பம் தாக்குப்பிடித்தது அந்தப் பணத்தில்தான்.

நேருக்கு நேர் மோதும் வழக்குகளில் பெரிய கண்டம் அலட்சியத்தைப் பங்கு போடுவது. இரண்டு வண்டியும் எதிரெதிரே வந்துதானே மோதின, ஆகவே இருவர் மீதும் தவறு என்று காப்பீட்டு நிறுவனம் முதல் நாளிலேயே வாதிடும். 2006-இல் பிஜோய் குமார் துகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அதற்குத் துணையாகக் காட்டும். எங்கள் நிலைமை அதைவிட மோசம். நாங்கள் மருத்துவமனையில் கிடந்த நேரத்தில் லாரி ஓட்டுநர் முந்திக்கொண்டு புகார் கொடுத்துவிட்டதால், முதல் தகவல் அறிக்கை இறந்துபோனவர் மீதே பதிவாகி, பிறகு அவர் இறந்த காரணத்தாலேயே முடித்து வைக்கப்பட்டிருந்தது. இதைப் படித்துவிட்டுத்தான் இன்னொரு வழக்கறிஞர், 'இதில் ஒன்றும் தேறாது' என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

எங்கள் வழக்கறிஞரோ அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரையும் அதனுடன் இருந்த வரைபடத்தையும் மேசையில் விரித்தார். மோதலில் சுழன்ற எங்கள் கார் சாலையின் மறுபக்கத்தில், அதாவது லாரி வர வேண்டிய பக்கத்தில், நின்றதாக வரைந்திருந்தது. எதிர்த்தரப்பின் முழு பலமும் அந்த ஒரு கட்டத்தில்தான் இருந்தது. அவரோ அதைப் பார்க்காமல், வரைபடத்தின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியின் அடியில் பென்சிலால் கோடிட்டார்: உடைந்த கண்ணாடித் துண்டுகள் கிடந்த இடம். அது சாலையின் எங்கள் பாதியில் இருந்தது. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் லாரியின் வலது முன்பக்கமும் காரின் வலது முன்பக்கமும் நசுங்கியிருப்பதாக இருந்ததை அதனுடன் சேர்த்துப் படித்துக் காட்டினார். வண்டிகள் கடைசியில் எங்கே நின்றன என்பதை மட்டும் வைத்து அலட்சியத்தை முடிவு செய்ய முடியாது என்று, ஒரு காரும் பேருந்தும் நேருக்கு நேர் மோதிய ஜிஜு குருவிலா வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலுடன்தான் அவர் புலனாய்வு அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்தார். கண்ணாடித் துண்டுகளைப் பற்றி அவர் கேட்ட நான்கு கேள்விகளுக்குப் பிறகு, லாரி மையக் கோட்டைத் தாண்டி வந்திருக்க வாய்ப்புண்டு என்று அதிகாரியே ஒப்புக்கொண்டார்.

வழக்கை விசாரித்த விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் லாரிக்கு 80, காருக்கு 20 சதவீதம் என்று பொறுப்பைப் பிரித்தது. காரின் பக்கம் பிரேக் தடமே இல்லை என்பது அந்த இருபதுக்குச் சொல்லப்பட்ட காரணம். எனக்கு அதில் இன்னும் உடன்பாடில்லை. நான் அந்த வண்டியில் இருந்தவன்.

தொகையை அவர் கணக்கிட்ட விதமும் தெளிவாக இருந்தது. இறந்தவருக்கு வயது 38, சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். மாத வருமானம் 18,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் குறைவானவர் என்பதால், உச்ச நீதிமன்றத்தின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்து 25,200, மனைவி, இரு குழந்தைகள், தாய் என நான்கு பேர் சார்ந்திருந்ததால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 18,900, ஆண்டுக்கு 2,26,800, சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி அந்த வயதுக்குரிய பெருக்கி, அதாவது ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண், 15. ஆக 34,02,000 ரூபாய். துணையிழப்பு, இறுதிச் சடங்கு முதலியவற்றைச் சேர்த்து 36,31,900; இருபது சதவீதம் போக 29,05,520, மனு நாளிலிருந்து 7.5 சதவீத வட்டியுடன். இதே வழக்கில் மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனம் 18 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளக் கேட்டபோது, அங்கே ஒப்புக்கொண்டால் பிறகு மேல்முறையீடே கிடையாது என்பதை விளக்கி, முடிவைத் தங்கையிடம் விட்டுவிட்டார்.

இனி குறைகள். வருமானத்தை நிரூபிப்பதில் அவர் போதிய அக்கறை காட்டவில்லை. தங்கை கணவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை என்றாலும் ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கிக் கணக்கும் இருந்தன. கடைக்குக் கணக்கு எழுதியவரைச் சாட்சியாக அழைத்திருந்தால் 18,000 என்பது 25,000 வரை போயிருக்கும் என்பது, அரிசி ஆலையில் கணக்கு எழுதிப் பிழைக்கும் என்னுடைய கருத்து. போன் எடுக்க மாட்டார். வாய்தா தள்ளிப்போனதை நாங்கள் நீதிமன்ற வாசலில் நின்றுதான் தெரிந்துகொள்வோம். மனுவின் நகலை மூன்று முறை கேட்ட பிறகே கொடுத்தார்.

என்னுடைய வழக்கை அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதை முதலில் குறையாக நினைத்தேன். காரில் பயணித்த எனக்கு எந்த ஓட்டுநர் மீது எவ்வளவு தவறு என்ற கவலை தேவையில்லை. 2015-இன் கென்யெய் தீர்ப்பின்படி இருவரில் ஒருவரிடமிருந்தே முழுத் தொகையையும் கேட்கலாம். ஆனாலும் தீர்ப்பு எப்படிப் போனாலும் கைவிட்டுப் போகாதிருக்க இரண்டு வண்டியின் தரப்பையும் சேர்ப்பதுதான் பாதுகாப்பு. அப்படிச் சேர்த்தால் கார் உரிமையாளரின் வாரிசு என்ற முறையில் என் தங்கையே எனக்கு எதிர்மனுதாரர் ஆகிவிடுவாள். "இரண்டு பக்கமும் நானே நிற்பது முறையாகாது சார்" என்று சொல்லி வேறொரு வழக்கறிஞரிடம் அனுப்பினார். தங்கை பெயருக்கு நோட்டீஸ் போன அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது வேறு கதை. உட்கார்ந்து பார்க்கும் வேலை என்பதால் என் 30 சதவீத ஊனத்துக்குப் பெருக்கி முறை பொருந்தாது என்று தீர்ப்பாயம் சொல்லி, சதவீதத்துக்கு 5,000 வீதம் கணக்கிட்டது. என் தொகையில் இருபது சதவீதக் கழிவு இல்லை.

காலக்கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் மாறியிருந்ததை, எங்களைத் தேடி வந்த அந்த இருபது சதவீதக்காரர் அறிந்திருக்கவில்லை. 'எப்போது வேண்டுமானாலும் போடலாம்' என்றார். இவர் ஐந்தாம் மாதமே தாக்கல் செய்துவிட்டார்.

தீர்ப்புத் தொகையை 30 நாளுக்குள் செலுத்த வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கோ, தீர்ப்பை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போட்ட பிறகே வந்தது. குழந்தைகளின் பங்கு அவர்கள் மேஜராகும்வரை வங்கி வைப்பில் இருக்கிறது. கடைசித் தவணை 25,000-ஐக் கொடுத்தபோது ரசீது எழுதிக் கொடுத்த வழக்கறிஞர், தங்கை கணவரின் ஓட்டுநர் உரிமம் இன்னும் நீதிமன்றக் கோப்பில் இருப்பதாகவும், திரும்பப் பெற மனு போட்டுவிட்டுத் தானே போன் செய்வதாகவும் சொன்னார். அந்த உரிமத்தில்தான் அவருடைய நல்ல படம் ஒன்று இருக்கிறது என்பதால் தங்கை வாரம் ஒருமுறை நினைவூட்டுகிறாள். நானும் வாரம் ஒருமுறை அந்த எண்ணை அழைத்துக்கொண்டிருக்கிறேன்.