உலர விடுவதா, மின்புலமா? நானோ துகள்களை அடுக்க நான் தேர்ந்தெடுத்த வழி

நாகர்கோவிலுக்குத் தெற்கே, கடற்காற்று எட்டும் தூரத்தில் உள்ள ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருடமாக சிலிக்கா (மணலில் உள்ள பொருள்), பாலிஸ்டைரீன் (ஒரு பிளாஸ்டிக்) துகள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்து வருகிறேன். 200 நானோமீட்டரிலிருந்து 1 மைக்ரோமீட்டர் வரை உள்ள துகள்கள். சரியாக அடுக்கிவிட்டால், வரிசைகளுக்கு இடையிலான தூரம் ஒளியின் அலைநீளத்தை நெருங்கும். சாயமே இல்லாமல் நிறம் தெரியும், ஓப்பல் கல்லில் தெரிவதுபோல. ப்ராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது எந்த முறையில் தொடங்குவது என்றுதான். ஏசி மின்புலத்தில், அதாவது திசை மாறி மாறி வரும் மின்புலத்தில், தொடங்குங்கள் என்று சொல்கிறேன். மற்ற வழிகளையும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

உங்கள் துகள் மேக்னடைட் போன்ற காந்தப் பொருள் என்றால் யோசிக்கவே வேண்டாம், காந்தத்தை வைத்துச் செய்யுங்கள். கையடக்கமான ஒரு நல்ல காந்தம் போதும். சிலிக்காவும் பாலிஸ்டைரீனும் காந்தத்துக்கு அசையாது என்பதால் எனக்கு அந்த வழி இல்லை.

திசை மாறாத டிசி மின்புலத்தில் மின்னூட்டம் உள்ள துகள்கள் தமக்கு நேர்மாறான மின்னூட்டம் உள்ள மின்முனையை நோக்கி நகர்ந்து அதன்மேல் படியும். கார் பாடிக்கு அடிப்பூச்சு பூசுவதும் இந்த முறையில்தான். டைட்டானியம் டைஆக்சைடை தடிமனாகப் படிய வைக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் 1.23 வோல்ட்டைத் தாண்டினாலே நீர் பிரிய இடம் உண்டு. கொஞ்சம் மேலே போனதும் குமிழி வரும், படலத்தில் ஓட்டை விழும். எத்தனாலுக்கு மாறினால் குமிழித் தொல்லை குறைகிறது. துகள் படிகிறதே தவிர, ஒழுங்கு எனக்கு அவ்வளவாகக் கிடைக்கவில்லை. ஒரே மின்னூட்டம் உள்ள துகள்கள்கூட மின்முனைப் பரப்பில் நீரோட்டத்தால் இழுக்கப்பட்டு ஒன்றுசேர்ந்து படிகமாவதை 1996-இலேயே காட்டியிருக்கிறார்கள். அதற்கு வேண்டிய பொறுமை என்னிடம் அப்போது இல்லை.

எல்லாரும் முதலில் செய்வது உலர வைத்தல். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கண்ணாடித் தகட்டைக் கூழ்மத்தில், அதாவது துகள்கள் கலந்து மிதக்கும் நீரில், செங்குத்தாக நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். நீர் ஆவியாகும் விளிம்பில் துகள்கள் நெருங்கி நெருங்கி அடுக்காகும். செலவு என்று ஒன்றும் இல்லை. வெறும் சொட்டாக விட்டால் காபிக் கறைபோல விளிம்பில் வளையம்தான் மிஞ்சும். நீர் விளிம்பில் வேகமாக ஆவியாவதும், அதை ஈடுகட்ட உள்ளிருந்து வரும் நீர் துகள்களையும் இழுத்து வருவதும்தான் காரணம் என்று 1997-இல் விளக்கினார்கள். அதனால்தான் தகட்டை நிறுத்தி வைப்பது.

இதில் எல்லாமே ஆவியாகும் வேகத்தைப் பொறுத்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இங்குள்ள புத்தளம் உப்பளத்தில் மழை வந்தால் உப்பு விளையாதே, அதே பாடுதான் எனக்கும். பிப்ரவரி, மார்ச்சில் பச்சையாக மின்னும் படலங்கள் வந்தன. ஜூனில் அதே கூழ்மம், அதே தகடு, ஆனால் வரி வரியாகத்தான் படிந்தது. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி இருந்தால் சமாளிக்கலாம், எங்களிடம் இல்லை. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: மார்ச்சில் கிடைத்த அந்த உலர் படலத்தின் அளவுக்குப் பரந்த, சீரான நிறத்தை மின்புலத்தில் நான் இதுவரை எடுத்ததில்லை.

சரி, பிறகு ஏன் ஏசி? மின்புலத்தால் துகளைக் கையாளுவது நம் ஊருக்குப் புதிதில்லை. மணவாளக்குறிச்சி மணலில் மின்சாரம் கடத்தும் இல்மனைட்டையும் கடத்தாத சிர்க்கானையும் உயர் மின்னழுத்தத்தில்தான் பிரிக்கிறார்கள். அங்கே உலர்ந்த மணலைப் பிரிக்கும் வேலை, இங்கே நீருக்குள் அடுக்கும் வேலை. சீரற்ற மின்புலம் துகளை இழுப்பதற்கு டைஎலக்ட்ரோஃபோரெசிஸ் என்று 1951-இல் பெயர் வைத்தவர் ஹெர்பர்ட் போல். புலத்தில் ஒவ்வொரு துகளும் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம் கொண்ட ஓர் இருமுனையாகிறது. ஒன்றின் தலை அடுத்ததன் காலைப் பிடித்துக்கொள்ளும். புலம் திசை மாறும்போது எல்லா இருமுனைகளும் சேர்ந்தே திரும்புவதால் பிடி விடுவதில்லை. பாலிஸ்டைரீன் நீரைவிட மிகக் குறைவாகவே துருவமாகும், ஆனாலும் சங்கிலி உண்டாகும்.

100 மைக்ரோமீட்டர் இடைவெளி உள்ள மின்முனைகள், கல்லூரியில் ஏற்கெனவே இருந்த சிக்னல் ஜெனரேட்டரின் 10 வோல்ட், சில பத்து கிலோஹெர்ட்ஸ், ஒரு மைக்ரோஸ்கோப். சுவிட்சைப் போட்ட சில நொடிகளில், குறுக்கும் நெடுக்கும் அலைந்த துகள்கள் தோவாளையில் பூத் தொடுப்பதுபோலக் கோத்துக்கொண்டன. வோல்ட்டைக் கூட்டினால் சங்கிலிகள் பக்கவாட்டில் சேர்ந்து பட்டைகளாகின்றன. நிறுத்தினால் கலைகின்றன, மறுபடி போட்டால் மறுபடி கோக்கின்றன. பிழையை அந்த இடத்திலேயே திருத்தலாம். உலர் முறையில் மறுநாள் காலையில்தான் தெரியும். மழைக்காலம், வெயில்காலம் என்ற பேதமும் இல்லை, ஏனென்றால் சொட்டு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மூடிக் கிடக்கிறது.

இந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஒரு விஷயத்துக்கு நீங்கள் அடிமை: நீரில் உள்ள உப்பு. இதைத்தான் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

துகள்கள் ஒட்டாமல் விலகி நிற்பது அவற்றின் மின்னூட்டத்தால். உப்பு கரைந்து நீரில் அயனிகள் கூடினால் அந்த மின்னூட்டத்தின் வீச்சு சுருங்கும். 1 மில்லிமோலார் சாதா உப்பில் அது சுமார் 10 நானோமீட்டர். 100 மில்லிமோலாரில் வெறும் 1. ஒரு லிட்டரில் 58 மில்லிகிராம் உப்பு போட்டாலே 1 மில்லிமோலார், ஒரு சிட்டிகைகூட வராது. வீச்சு சுருங்கிய பிறகு புலத்தைப் போட்டால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினாலும் பிரியாது. இது போக, அயனிகள் மின்முனைமேல் குவிந்து புலத்தை மறைக்கும். மின்னோட்டம் கூடும், நீர் சூடாகி உள்ளே சுழல் கிளம்பும், கோத்த சங்கிலியை அது கலைக்கும்.

இரண்டு மாதம் எனக்கு நடந்தது இதுதான். மின்முனையைச் சந்தேகப்பட்டேன், அப்புறம் ஆம்ப்ளிஃபையரை. கடைசியில், நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று காட்டும் கடத்துதிறன் மீட்டரை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேனுக்குள் விட்டுப் பார்த்தால் சென்டிமீட்டருக்கு 40 மைக்ரோசீமன்ஸ். நல்ல நீர், காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிய பிறகும், சுமார் 1 காட்ட வேண்டும். ஜன்னலோரம் ஓர் இரவு கிடந்த கண்ணாடித் தகட்டைக் கழுவிய நீரிலும் முள் ஏறியது. கடற்காற்றின் உப்பு.

அன்றிலிருந்து வாரத்தில் அரை நாள் கழுவுவதற்கே போகிறது. கூழ்மத்தை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரைக் கொட்டி, புது நீர் ஊற்றிக் குலுக்கி, திரும்பவும் சுற்ற வேண்டும். மேல்நீர் 5 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே வரும்வரை விடக் கூடாது. சிலிக்காவில் தயாரிப்பின்போது சேர்த்த அம்மோனியா இருக்கும், விலைக்கு வாங்கும் பாலிஸ்டைரீனில் சோப்புப் போன்ற பொருள் இருக்கும். எனக்கு நாலைந்து சுற்று ஆகிறது. பிறகு மிச்ச அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசின் மணிகளைக் கொஞ்சம் போட்டு வைக்கிறேன். கண்ணாடி பாட்டிலில் வைக்காதீர்கள், கண்ணாடியிலிருந்தே சோடியம் கசியும். பாலிப்ரொப்பிலீன் நல்லது. உலர் முறையில் இந்த அளவு கெடுபிடி எனக்குத் தேவைப்பட்டதில்லை. இந்தப் பாடுபட ஆள் இல்லாத ஆய்வகம் என்றால், ஈரப்பதப் பெட்டி ஒன்று செய்துகொண்டு உலர்த்துங்கள் என்றுதான் சொல்வேன்.

சிறிய துகள்களைப் பற்றி நான் அடித்துச் சொல்ல முடியாது. பிடிப்பு ஆரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். 1 மைக்ரோமீட்டரிலிருந்து 100 நானோமீட்டருக்குப் போனால் ஆயிரத்தில் ஒரு பங்கு, பிடிப்பு புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் அதை ஈடுகட்ட சுமார் 32 மடங்கு புலம் வேண்டும். 2001-இல் வெலெவ் என்ற ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும் 15 முதல் 30 நானோமீட்டர் தங்கத் துகள்களிலிருந்தே மின்சாரம் கடத்தும் நுண்கம்பி வளர்த்தார்கள், ஆனால் தங்கம் உலோகம், சிலிக்காவைவிட எளிதில் துருவமாகும். என் சிலிக்காவில் 200-க்குக் கீழே சங்கிலி நின்று பார்த்ததில்லை. மின்முனை இடைவெளியை 10 மைக்ரோமீட்டராக்கினால் நிற்கலாம். அந்தத் தகடுகளை இப்போதுதான் கழுவி, மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன்.