பழைய டொயோட்டா பிக்கப்புக்கு 3 அங்குல பாடி லிப்ட் கிட்: வாங்கலாமா?

1989 முதல் 1995 வரை அமெரிக்காவில் வந்த டொயோட்டா பிக்கப், 22ஆர்.இ. இன்ஜின், ஐந்து கியர், ஃபோர் வீல் டிரைவ்: இந்த வண்டிக்கு விற்கும் 3 அங்குல பாடி லிப்ட் கிட் வாங்கத் தகுந்ததுதான். ஆனால் சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே வைக்கும் கட்டையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கட்டை பெரும்பாலும் குறை சொல்ல முடியாதபடிதான் இருக்கும். கூட வரும் சாமான்களில்தான் கிட்டுக்குக் கிட் வித்தியாசம்.

இதில் சேசிஸ் உயராது. கேபினும் பின்பக்கப் பெட்டியும் மட்டும் மேலே போகும். சஸ்பென்ஷன் கோணம் மாறாததால் முன்சக்கரத்தைச் சுற்றும் அச்சிலுள்ள சிவி ஜாயின்ட்டுக்குக் கெடுதல் இல்லை. 33 அங்குல டயருக்கு இடம் கிடைக்கும். டிஃபரென்ஷியலுக்கு அடியில் கூடும் உயரம் டயரால் வருவதுதான். 31-லிருந்து 33-க்குப் போனால் ஒரே ஒரு அங்குலம்.

கிட் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் போல்ட் தலையைப் பாருங்கள். ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. மூன்று கோடு என்றால் அதைவிட வலு குறைந்த கிரேடு 5. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டீயரிங் எக்ஸ்டென்ஷன், இரண்டு பம்பருக்கும் பிராக்கெட், ஃபேன் ஷ்ரவுட்டை (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரில் பொருத்திய கூட்டை) இறக்கும் பிராக்கெட் மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.

வேலையில் பாதி நாளைத் தின்பது துருதான். ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் போல்ட்களுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். கேபினில் பற்றவைத்த நட்டு இருக்கும் இடங்களில், இறுகி நின்ற போல்ட் திடீரென்று லேசாகச் சுற்ற ஆரம்பித்தால் கழன்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். உள்ளே வெல்டு விட்டு நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. அப்போது கார்ப்பெட்டைத் தூக்கி, தரையில் சின்ன ஜன்னல் வெட்டி நட்டைப் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

பேட்டரியைக் கழற்றி, ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் பெயின்ட்டால் அடையாளம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, ஜாக்கிக்கும் பாடிக்கும் நடுவே அகலமான மரக்கட்டை வைத்துத் தூக்க வேண்டும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிறுத்தி, பிரேக் பைப், கிளட்ச் ஹோஸ், இன்ஜினிலிருந்து கேபின் சுவருக்குப் போகும் எர்த் ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள் நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது விறைத்தாலும் மேலே போகக் கூடாது.

ரேடியேட்டர் பாடியோடு உயரும், ஃபேன் இன்ஜினோடு கீழேயே நிற்கும். ஷ்ரவுட்டை இறக்காமல் ஸ்டார்ட் செய்தால் இறக்கை அதன் அடி விளிம்பில் அடித்து நொறுங்கும். முதலில் ஃபேனைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

பல கிட்டுகள் கவனிக்காமல் விடுவது கியர் லிவரை. தரை 3 அங்குலம் மேலே போனதும் லிவர் ஓட்டையின் விளிம்பில் இடிக்கும். கியர் முழுதாக விழாமல் ஓடும்போது கழன்று வெளியே வரும். ஃபோர் வீல் டிரைவை மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸ் லிவருக்கும் இதே கதை. ஓட்டையை அகலப்படுத்த வேண்டும், இல்லை லிவரை வளைக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும் குழாயும் இழுபடும். அங்கே பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸ்தான் போட வேண்டும். தண்ணீர் ஹோஸ் ஊறி உப்பிவிடும்.

ஐஸ் ஹாக்கி வட்டை ஓட்டை போட்டுக் கட்டையாக வைப்பவர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. ஒரு வட்டு ஒரு அங்குலக் கனம். ஒன்றோடு நிறுத்தினால் சரி. மூன்றை அடுக்கினால் நழுவும், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

33 அங்குல டயர் கட்டாயம் வேண்டுமென்றால் முழுச் சாமான்களோடு வரும் 3 அங்குலக் கிட்டையே வாங்குங்கள். 32 போதுமென்றால் 2 அங்குலம் நல்லது. லிவர், ஷ்ரவுட் தொல்லை பாதியாகக் குறையும். எதைப் போட்டாலும் 500 மைல் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், ஸ்டீயரிங் எக்ஸ்டென்ஷன் போல்ட்டை முதலில்.