3200-ல் ஒரு ராமா, 2666-ல் இரண்டா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மேசையில் இருப்பது இன்டெல் ஐ5-1135ஜி7 பிராசஸர் போட்ட லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வாங்கியபோது 3200 வேகத்தில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் ஒன்றுதான் இருந்தது, பக்கத்து ஸ்லாட் காலி. செத்துப்போன பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றி வைத்திருந்த இன்னொரு 8 ஜிபியை அதில் சொருகினேன். டாஸ்க் மேனேஜரில் வேகம் 2667 என்று இறங்கிவிட்டது. பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் செயலியைத் திறந்தால் அது 1333 என்கிறது. பகீரென்றது.

1333-க்குப் பயப்பட வேண்டாம். 3200, 2666 எல்லாம் நொடிக்கு எத்தனை மில்லியன் முறை டேட்டா போகிறது என்ற கணக்கு; சிபியு-இசட் துடிப்பை மட்டும் எண்ணுகிறது. டிடிஆர் ராம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை டேட்டா அனுப்பும், அதனால் இரட்டித்துக்கொள்ளுங்கள். 2666-க்குக் காரணம் ஸ்டிக்கரில் இருந்தது: ஒன்றில் பிசி4-3200ஏஏ, பழையதில் பிசி4-2666வி. சேர்த்துப் போட்டால் மெதுவானதன் வேகத்துக்குத்தான் இரண்டும் ஓடும்.

புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். "பழச கழட்டிடு தம்பி, 3200 தனியாவே ஓடட்டும்" என்றார். கழற்றினேன். 3200 வந்துவிட்டது. ஆனால் இரண்டு ராம் இருந்தவரை ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்டிய பிராசஸரின் உள்ளடங்கிய கிராபிக்ஸ், இப்போது வெறும் யுஎச்டி என்று காட்டியது! வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும், நான்தான் கவனிக்கவில்லை. இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு வழியில் ஒரே நேரத்தில் டேட்டா போகும்படி ராம் இருந்தால்தான் இன்டெல் அந்தப் பெயரையே தருகிறது.

முடிவெடுக்க வைத்தது இந்தச் சேனல் கணக்குதான். உள்ளடங்கிய கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லை, பிராசஸரோடு ராமைப் பங்கு போட்டுத்தான் பிழைக்கிறது. 3200-ல் ஒரு ராம் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரும். 2666-ல் இரண்டு சேர்ந்தால் 42.6. எண் குறைந்தது, வழி அகலமானது. கட்டட வரைபடத்தை 3டியில் சுழற்றினால் ஒற்றை ராமில் திக்கித் திக்கி நகரும். பழையதைத் திரும்பச் சொருகியதும் மவுஸ் போகிற போக்குக்குத் திரும்பியது. அப்படியே விட்டுவிட்டேன்.

3200-ல் ஜோடியாகப் போட்டால் 51.2, அதுதான் உசத்தி, சந்தேகமே இல்லை. ஆனால் ராம் விற்கிற விலைக்கு அந்த மிச்ச வேகம் எனக்குத் தேவைப்படவில்லை. நான் கேம் ஆடுகிறவன் அல்ல, ஆடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் உறைக்கலாம்.

டிடிஆர்4 வாங்குவதென்றால் ஸ்டிக்கரில் 1.2 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். 1.35 வோல்ட் என்றிருக்கும் 'கேமிங்' ராம்கள் பல, எக்ஸ்எம்பி என்ற கூடுதல் வேக அமைப்பு வழியாகத்தான் 3200-ஐத் தொடும். பெரும்பாலான லேப்டாப்களின் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அந்த வசதி இல்லாததால் 2133, 2400 என்று படுத்துவிடும். பிராசஸருக்கும் வரம்பு உண்டு: ஐ5-8250யு 2400-ஐத் தாண்டாது, ஐ5-10210யு 2666-ஐத் தாண்டாது. அவற்றில் 3200 ராம் போட்டு வேகம் குறைந்தால் அது கோளாறே இல்லை. அப்புறம், சும்மா இருக்கும்போது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் லேப்டாப்களும் உண்டு. சார்ஜரைச் சொருகி, ஏதாவது கனமான வேலையை ஓடவிட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். அந்தப் பழைய ராம் முதலில் கணக்கிலேயே வரவில்லை. நம்ம ஊர் உப்புக்காற்றில் மேசை டிராயரில் கிடந்து அதன் தங்கப்பல் (ஸ்லாட்டுக்குள் நுழையும் தங்க நிற முனைகள்) கறுத்திருந்தது. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு அழுத்தினேன். இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழுந்த பிறகுதான் 16 ஜிபி காட்டியது.