பிள்ளைகளுடன் ஒரு நாள்: கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையம்

சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். சிங்கப்பூரில் படிக்கும் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இந்த நான்கு பிரிவுகளையும் மூச்சுவிடாமல் சொல்லிவிடும். 'இந்தியர்' என்ற பிரிவுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், திகைத்து நிற்கும். அதற்குப் பதில் தேடும் பெற்றோருக்கு நான் மனமாரப் பரிந்துரைக்கும் இடம், தேக்கா என்று நாம் அழைக்கும் லிட்டில் இந்தியாவில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம்.

2015 மே மாதம் திறக்கப்பட்டது. படிக்கிணற்றின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்ட, கண்ணாடி முகப்புள்ள நான்கு மாடிக் கட்டடம். பண்டைய வணிகத் தொடர்புகளைப் பற்றிய பகுதியைச் சற்று வேகமாகவே கடக்கலாம். குடியேற்றப் பகுதிக்கு வந்ததும் நிதானமாகப் பாருங்கள். செட்டிநாட்டிலிருந்து வந்த தேக்கு நிலைவாசலில் ஏறத்தாழ 5,000 நுண்ணிய செதுக்கல்கள் இருக்கின்றன. பிள்ளைகள் அதன் முன்னால் நெடுநேரம் நிற்பார்கள், நிற்கட்டும். வட்டித்தொழில் செய்த செட்டியார்கள், சீக்கியக் காவலர்கள், சிந்தி, குஜராத்தி வணிகர்கள், தமிழ் முஸ்லிம்கள், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் உழைத்த மலையாளிகள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய இந்தியக் கைதிகள் என்று மொழியும் சமயமும் வேறான இத்தனை பேரும் அடையாள அட்டையில் ஒரே இனம்.

என் கணவர் சீனர். இரட்டை இனப் பதிவு 2011இல் வந்ததால் எங்கள் மகள் 'சீனர்–இந்தியர்'. ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடு வாங்கும்போது, ஒரு புளோக்கில் எந்த இனத்தவர் எத்தனை வீடுகளில் இருக்கலாம் என்று வரம்பு வைக்கும், 1989 முதல் நடப்பில் உள்ள இன விகிதக் கணக்கில் முதலில் எழுதிய இனம்தான் செல்லும். அங்கே அவள் சீனர் மட்டுமே. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

மலாக்கா செட்டிகளைப் பற்றி அவளுக்கு மரபுடைமை நிலையத்தில்தான் விளக்கினேன். மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் உருவான சமூகம். வழிபாடு சைவம், பேச்சு மலாய், பெண்களுக்கு மலாய் மரபு உடையான சாரோங் கெபாயா. "அப்படியென்றால் என்னைப் போன்றவர்கள் முன்பே இருந்தார்களா, அம்மா?" என்று கேட்டாள். எந்தப் பாடமும் அவளை அப்படிக் கேட்க வைத்ததில்லை. 2018இல் இந்தச் சமூகத்துக்காக இங்கே ஒரு சிறப்புக் கண்காட்சி நடந்தது. ஒரு தளம் முழுவதையும் அவர்களுக்கு நிரந்தரமாகவே ஒதுக்கலாம் என்பேன். கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது அத்தனை அவசியம்.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. திங்கட்கிழமை விடுமுறை. இருட்டியதும் முகப்பில் விளக்கு ஏற்றியிருப்பார்கள். பார்த்து முடித்த கையோடு டன்லப் தெருவில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசல்வரை நடந்துவிட்டு, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் போய் வாருங்கள். இரண்டும் நடை தூரத்தில்தான் இருக்கின்றன. பிள்ளைகளின் கேள்விகளும் அதற்குள் வந்துவிடும்.