பிரிவதா, தங்குவதா, பிடிப்பதா? உபதேசம் வழுவிய சபைகளில் நடந்தவை

சபையின் உபதேசம் தடம் மாறுகிறது என்ற பேச்சு எழுந்தால், ‘பிரிந்து வா’ என்பவர் 2 கொரிந்தியர் 6:17ஐ எடுப்பார். ‘பொறுத்திரு’ என்பவர் கோதுமையும் களையும் உவமையை எடுப்பார். அமெரிக்காவில் இரண்டையும் செய்து பார்த்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: நிர்வாகத்தையே பிடிப்பது. எது பலித்தது என்று பார்த்தால், வைராக்கியத்தைவிட நியமன அதிகாரமும் சொத்துப் பத்திரமும் யார் கையில் இருந்தன என்பதே பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

பிரிந்தவர் கிரெசம் மேச்சன், பிரஸ்பிட்டேரியன் சபையின் பிரின்ஸ்டன் செமினரியில் (போதகர் பயிற்சிக் கல்லூரி) புதிய ஏற்பாட்டு ஆசிரியர், பழைய உபதேசத்தில் உறுதியானவர். கன்னிப் பிறப்பு முதலான ஐந்து உபதேசங்களைக் குருப்பட்டத்துக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று 1924ல் 1,200க்கும் மேற்பட்ட பிரஸ்பிட்டேரியன் போதகர்கள் கையெழுத்திட்டார்கள். அவர்களில் இருவர் 1929ல் மாற்றியமைக்கப்பட்ட செமினரி நிர்வாகக் குழுவுக்குள் வந்ததும், மேச்சன் விலகி பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் செமினரியைத் தொடங்கினார். 1933ல் மிஷனரிகளை அனுப்பத் தனி வாரியம், 1935ல் அதற்காகப் போதகர் பணியிலிருந்து இடைநீக்கம், 1936 ஜூனில் புதுச் சபை. 1937 ஜனவரி 1ல் அவர் இறந்தார். அதே ஆண்டே கடைசிக்கால உபதேசத்திலும் மதுவிலக்கிலும் முட்டிக்கொண்டு அந்தச் சிறு கூட்டம் மறுபடி உடைந்தது. கட்டிடமும் பலருக்கு மிஞ்சவில்லை. நியூ ஜெர்சியின் காலிங்ஸ்வுட் சபையார் கட்டிட வழக்கில் தோற்று 1938ல் கூடாரத்தில் ஆராதித்தார்கள்.

தங்கியவர் கிளாரன்ஸ் மக்கார்ட்னி, அதே பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகர். தாராளவாதப் பிரசங்கியார் பாஸ்டிக்கை எதிர்த்து முன்னணியில் நின்றவர். 1924ல் பொதுச்சபைத் தலைவரும் அவர்தான். மேச்சனோடு போகாமல் பிட்ஸ்பர்க்கில் 1953 வரை போதகராக இருந்தார். அந்த ஒரு சபை நன்றாகவே இருந்தது. ஆனால் மொத்தச் சபையின் போக்கு திரும்பவில்லை.

மூன்றாவது வழிதான் சுவாரசியமானது. தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு என்பது அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளின் ஒரு கூட்டமைப்பு. அதன் தலைவர் ஒரு குழுவை நியமிப்பார். அந்தக் குழு இன்னொரு குழுவுக்குப் பெயர் கொடுக்கும். அந்த இரண்டாவது குழுதான் செமினரி அறங்காவலர்களை முன்மொழியும். பழைய உபதேசத்தை மீட்க நினைத்த ஹூஸ்டன் நீதிபதி பால் பிரஸ்லரும் இறையியலாளர் பேஜ் பாட்டர்சனும் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்கள்: தலைவர் தேர்தலில் வருடா வருடம் ஜெயித்தால், பத்தாண்டில் எல்லா வாரியத்திலும் நம் ஆட்கள். 1979ல் அவர்கள் தரப்பின் ஏட்ரியன் ராஜர்ஸ் ஜெயித்தார். 1985 டல்லாஸ் கூட்டத்துக்கு 45,000க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தார்கள். ஓட்டுப் போடத்தான், வேறெதற்கு! தோற்றுப்போன மிதவாதிகள் 1991ல் தனி ஐக்கியம் அமைத்தார்கள். கட்டிடம் அந்தந்த சபைக்கே சொந்தம் என்பதால் அவர்களுக்குக் கூடாரம் தேவைப்படவில்லை.

உபதேசம் திரும்பியது, உண்மை. ஆனால் 1994ல் அந்த மாநாட்டின் சவுத்வெஸ்டர்ன் செமினரித் தலைவரை நீக்கிய கையோடு அவர் அலுவலகப் பூட்டையும் மாற்றினார்கள். அந்தப் பதவிக்குப் பின்னாளில் வந்த பாட்டர்சனையும் 2018ல் அறங்காவலர்களே நீக்கினார்கள். ஒரு மாணவியின் பாலியல் வன்கொடுமைப் புகாரை அவர் கையாண்ட விதம்தான் காரணம். நம் பக்கம் நிற்கிறாரா என்று மட்டும் பார்த்து ஆள் போட்டால், வேறு எதையும் பார்க்காமல் விட்டுவிடுவோம். இந்த வழியின் பெரிய ஆபத்து இதுதான் என்பேன்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நியமனங்களை ஓட்டால் மாற்ற முடியும் என்றால் உள்ளே நின்று போராடலாம். முடியாதென்றால், மேச்சனைப் போல வழக்கு வரும்வரை காத்திராமல், சொத்தோடு வெளியேற வழி பேசுவதே மேல். யுனைடெட் மெத்தடிஸ்ட் சபையில் 2019ல் அப்படி ஒரு வாசல் திறந்தது, விதி எண் 2553. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தால், தலைமைக்குத் தரும் பங்களிப்புத் தொகையை இரண்டு ஆண்டுக்கும், போதகர் ஓய்வூதியத்தில் சபையின் பங்கையும் கட்டிவிட்டுக் கட்டிடத்தோடு போகலாம் என்றிருந்தது. 2023 முடிவதற்குள் 7,600க்கும் மேற்பட்ட சபைகள் போய்விட்டன. பெரும்பாலும் அவர்கள் இல்லாமலே கூடிய 2024 பொது மாநாடு, தன்பாலின ஈர்ப்பாளர்களுக்குக் குருப்பட்டம் மறுத்த தடையை நீக்கியது. 2553ஐயும் சேர்த்தே எடுத்துவிட்டது.