சரணடைந்தவனைக் கொல்லலாமா? ஒரே கேள்வி, நான்கு ஆர்பிஜி விதிமுறைகள்

டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டராகக் கதை நடத்தும் விளையாட்டு) ஆடுகிற எல்லோரும் என்றைக்காவது இந்த இடத்துக்கு வந்தே தீருவார்கள். குகைக்குள் சண்டை ஓய்ந்திருக்கும். மிச்சமிருக்கும் ஒரே ஒரு கோப்ளின் (குட்டிப் பூதம்) ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு உயிர்ப்பிச்சை கேட்கும். ரோக் (திருட்டு வித்தைக்காரன்) ஆடுகிறவர் "கழுத்தை அறுத்துடறேன், விட்டா போய் ஆளைக் கூட்டிட்டு வரும்" என்பார். பாலடின் (தர்மத்துக்குச் சபதம் எடுத்த வீரன்) ஆடுகிறவர் "அது மேல கை வெச்சுப் பார்" என்பார். அதற்கு அப்புறம் சண்டை கேரக்டர்களுக்கு இடையிலா ஆடுகிறவர்களுக்கு இடையிலா என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது, பீட்சா ஆறிப்போவதுதான் மிச்சம்.

இதே சிக்கலை நான்கு கேம்களில் வைத்துப் பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யார் செய்தது தப்பு என்று தீர்ப்பு சொல்லும் விதி மேசையில் சண்டையை வளர்க்கிறது, அதைச் செய்ய நீ எவ்வளவு இழக்கத் தயார் என்று கேட்கும் விதி கதையை வளர்க்கிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் வந்த முதல் பதிப்பில் அலைன்மென்டுக்கு, அதாவது ஒரு கேரக்டர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு, ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே பக்கங்கள்தான். நல்லது கெட்டது என்ற இன்னொரு அச்சும் சேர்ந்து ஒன்பது கட்டங்களாக ஆனது அட்வான்ஸ்ட் பதிப்பில், 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில். அந்தக் காலத்து விதிகள் ரொம்பக் கறார். அலைன்மென்ட் மாறினால் ஒரு லெவலே போய்விடும், பாலடின் தெரிந்தே ஒரு தீய செயலைச் செய்தால் பாலடின் பட்டம் போனது போனதுதான், திரும்பக் கிடைக்காது. இதில் என்ன கோளாறு என்றால், எது தீய செயல் என்று முடிவு செய்வது ஆட்டத்தை நடத்தும் டிஎம். அதாவது மேசையில் இருக்கும் ஒரு மனிதர், இன்னொரு மனிதரின் நியாய உணர்ச்சிக்கு மார்க் போடுகிறார். கோப்ளினை விட்டால் கிராமத்துக்கு ஆபத்து, கொன்றால் சரணடைந்தவனைக் கொன்ற பழி. எதைச் செய்தாலும் பாலடினைக் கீழே தள்ளிவிடலாம் என்று இந்தப் பொறியை வேண்டுமென்றே வைக்கும் டிஎம்களும் உண்டு. அது தர்மசங்கடம் இல்லை, அல்பத்தனம்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதிலிருந்து நழுவிவிட்டது. அலைன்மென்ட் என்று ஒரு வரி கேரக்டர் ஷீட்டில் இருக்கும், ஆனால் அதனால் ஆட்டத்தில் அநேகமாக ஒன்றும் ஆகாது. பாலடினுக்கும் அவர் எடுத்துக்கொண்ட சபதம்தான் முக்கியம். அதே வம்சத்தில் வந்த பாத்ஃபைண்டரோ 2023 ரீமாஸ்டரில் அலைன்மென்டையே தூக்கிவிட்டது. சரி, பழைய தொல்லை ஒழிந்தது, ஆனால் ரோக்கும் பாலடினும் மோதும்போது விதிப்புத்தகம் வாயே திறப்பதில்லை.

கிரெக் ஸ்டாஃபோர்டின் பென்ட்ராகன் (1985) இதற்கு நேர் எதிர். ஆர்தர் மன்னர் காலத்து நைட்டுகள், ஒவ்வொருவருக்கும் பதின்மூன்று ஜோடி குணங்கள். கருணை ஒரு பக்கம், கொடூரம் மறுபக்கம், இரண்டும் சேர்ந்து எப்போதும் 20. உங்கள் நைட்டுக்குக் கருணை 16 என்றால் கொடூரம் 4. எதிரி மண்டியிட்டதும் டி20-ஐ (இருபது முகப் பகடை) உருட்டுகிறீர்கள், 16-க்குள் விழுந்தால் அவனை விட்டுவிடுகிறீர்கள். தாண்டிவிட்டால் கொடூரத்துக்கு ஒரு முறை உருட்ட வேண்டும், அதுவும் தவறினால்தான் முடிவு உங்கள் கையில். 16-ஐத் தொட்டுவிட்டால் உருட்டாமல் தப்பிக்க முடியாது, அவ்வளவு பெயர் எடுத்த குணம் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். "என் கேரக்டரை நீ எப்படி ஆட்டிவைக்கலாம்" என்று சிலருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அந்த 16 நீங்களே பல செஷன்களாக நடந்துகொண்ட விதத்தால் ஏறியது. கொல்ல வேண்டும் என்று மனசு சொல்கிறது, கை வரமாட்டேன் என்கிறது, அந்த அவஸ்தையை இவ்வளவு சுலபமான கணக்கில் வேறு எந்த கேமும் தருவதில்லை. ஆனால் இரண்டு நைட்டுகள் தங்களுக்குள் முரண்பட்டால் பென்ட்ராகன் பெரிதாக உதவாது.

ரத்தக் காட்டேரிகளாக ஆடும் வாம்பயர்: தி மாஸ்கரேட் 1991-இல் வந்தது, இங்கே பேசுவது 2018-இன் ஐந்தாம் பதிப்பை. பத்துக் கட்டங்களில் மனிதத்தன்மை, தப்பு செய்யச் செய்ய அதில் கறை விழும், செஷன் முடிவில் காலியாக இருக்கும் கட்டங்களின் எண்ணிக்கைக்குப் பகடை உருட்ட வேண்டும். ஒன்றாவது தேறினால் குற்ற உணர்ச்சி இன்னும் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம், தேறாவிட்டால் மனிதத்தன்மை ஒன்று குறையும். இதில் கவனிக்க வேண்டியது, எதற்குக் கறை விழும் என்பதைக் குழுவே ஆட்டம் தொடங்கும் முன் உட்கார்ந்து பேசி எழுதிவைக்கிறது. அப்பாவியைக் கொல்லாதே என்று எழுதலாம், சரணடைந்தவனைத் தொடாதே என்றும் எழுதலாம். பாதி ஆட்டத்தில் இது பாவமா இல்லையா என்ற வாக்குவாதம் வருவதற்கு வாய்ப்பே குறைவு.

ஆனால் என் ஓட்டு டாக்ஸ் இன் தி வின்யார்டுக்கு. வின்சென்ட் பேக்கர் 2004-இல் எழுதியது. மார்மன் மதப் பிரிவின் வரலாற்றுச் சாயலில் அமைத்த ஒரு கற்பனை அமெரிக்க மேற்கு, அதில் ஊர் ஊராகப் போய்ப் பாவங்களை விசாரிக்கும் இளம் காவலர்களாக ஆடுகிறீர்கள். தீர்ப்பு சொல்லும் உரிமை முழுவதும் ஆடுகிறவர்களுக்கே, ஜிஎம் (டிஎம் மாதிரி ஆட்டத்தை நடத்துகிறவர்) அதற்கு மேல் அப்பீல் கோர்ட் நடத்தக் கூடாது.

கோப்ளினுக்குப் பதில் இங்கே ஒரு குதிரைத் திருடன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான் என்று வையுங்கள். ஒரு காவலர் சுட வேண்டும் என்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார். இருவரும் பகடைகளை முதலிலேயே உருட்டி எதிரில் வைத்துக்கொள்கிறார்கள். சுடக் கூடாது என்பவர் 5, 4 இரண்டையும் முன்னால் தள்ளி "இவன் பிள்ளைக்கு நீதான் ஞானஸ்நானம் கொடுத்தாய்" என்கிறார். எதிராளி 9-க்கு ஈடு கட்ட வேண்டும். ஒரே பகடையில் முடிந்தால் அந்தப் பேச்சை அப்படியே திருப்பி அடிக்கலாம், இரண்டில் முடிந்தால் தடுக்கலாம், மூன்று தேவைப்பட்டால் அந்த வார்த்தை தைத்துவிட்டது என்று அர்த்தம், பின்விளைவு உண்டு. பகடை தீர்ந்துவிட்டதா? விட்டுக்கொடுக்கலாம். இல்லையென்றால் மேலே ஏறலாம். பேச்சிலிருந்து தள்ளுமுள்ளு, அதிலிருந்து அடிதடி, கடைசியில் துப்பாக்கி, ஒவ்வொரு படியிலும் புதுப் பகடைகள் கிடைக்கும். பேச்சின் பின்விளைவு டி4 (நான்கு முகப் பகடை), யாரும் சாக மாட்டார்கள். துப்பாக்கியின் பின்விளைவு டி10, சாகலாம்.

அப்படியென்றால் உண்மையான கேள்வி, ஒரு திருடனுக்காகக் கூட்டாளி மேல் துப்பாக்கி தூக்குவாயா என்பது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ஆடுகிறவர்தான், பாதிப் பேர் அந்தப் படியில் நின்று யோசித்துவிட்டு "சரி, விட்டுடறேன்" என்பார்கள். தோற்றவருக்கும் முகம் வாடாது, விட்டுக்கொடுத்தது அவர்தானே. குறை என்றால், ஒவ்வொரு மோதலுக்கும் நேரம் பிடிக்கும், பேக்கர் விற்பனையை நிறுத்திவிட்டதால் புத்தகம் கிடைப்பதும் சிரமம்.

இவை எல்லாம் கேரக்டர்களுக்கு இடையிலான மோதலுக்கு. ஆடுகிறவர்களுக்குள் மனஸ்தாபம் என்றால் இந்த நான்கில் எதுவும் வேலைக்கு ஆகாது. "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு வாரமும் மற்றவர்களின் பையில் கைவிடுகிற ஆளை விதி போட்டுத் திருத்த முடியாது. கேரக்டரை உருவாக்கியது அவர், வேறு மாதிரி உருவாக்கியிருக்கலாமே. அவரிடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, முடிந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். ஆட்டத்துக்குள்ளேயே தலையில் இடி விழவைத்துப் பழிவாங்கும் டிஎம் விஷயத்தை இன்னும் கெடுக்கிறார்.

ஜான் ஸ்டாவ்ரோபௌலஸின் எக்ஸ் கார்டை இங்கே சொல்லியாக வேண்டும். மேசை நடுவில் எக்ஸ் போட்ட ஒரு அட்டை, காட்சி யாருக்காவது தாங்கவில்லை என்றால் தொடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, அந்தக் காட்சி விலகிவிடும். சித்திரவதை, குழந்தைகள் சம்பந்தப்பட்ட காட்சிகள் மாதிரி விஷயங்களுக்கு இது அவசியம். ஆனால் ரோக் கொல்வது எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அட்டையைத் தொட்டால், நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறவர் தொடத் தயங்குவார்.

நடந்துகொண்டிருக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்பெயினை (பல வாரம் தொடரும் ஒரே கதை) விட்டுவிட்டு யாரும் டாக்ஸுக்கு மாறப் போவதில்லை என்று தெரியும். அப்படிப்பட்டவர்கள் வாம்பயரிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம்: மூன்று நான்கு வரியில் இந்தக் கேம்பெயினின் எல்லைகளை எல்லோரும் சேர்ந்து எழுதுங்கள், ஒரு கேரக்டர் இன்னொன்றைத் தாக்கலாமா என்பதும் அதில் இருக்கட்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 2020-இல் வந்த டாஷாவின் புத்தகத்தில் (டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்) செஷன் ஸீரோ, அதாவது ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசுவது பற்றி இருக்கும் பகுதியைப் படித்தால் மற்றது பிடிபடும். முதுகில் குத்துவதுதான் ஜாலி என்கிற கூட்டமாக இருந்தால் பாரநோயா என்ற கேம் பக்கம் போங்கள், செத்தால் அடுத்த குளோன் வரும், யாரும் கோபப்பட மாட்டார்கள். ஒரே ராத்திரிக்கு என்றால் ஃபியாஸ்கோ என்ற கேம், ஜிஎம் தேவையில்லை, மூன்றிலிருந்து ஐந்து பேர் இருந்தால் ஆடிவிடலாம்.