எக்ஸ்ஓ-1 மடிக்கணினி: பெருவின் மலைப்பள்ளிகளுக்குப் போன பச்சைக் கருவி

2007 இறுதியில் அமெரிக்காவில் நடந்த ‘ஒன்று கொடு, ஒன்று பெறு’ திட்டத்தில் 399 டாலர் செலுத்தியவருக்கு, வளரும் நாடுகளின் பள்ளிக் குழந்தைகளுக்காக ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ (One Laptop per Child) அமைப்பு உருவாக்கிய எக்ஸ்ஓ-1 மடிக்கணினி ஒன்று கிடைத்தது. அதே பணத்தில் இன்னொன்று வளரும் நாடு ஒன்றின் குழந்தைக்குச் சென்றது. அவ்வாறு வாங்கிய நண்பர் ஒருவர் தம் கருவியை எனக்குத் தந்தார். பள்ளிகளுக்கு மொத்தமாகக் கருவி வாங்க நினைக்கும் எவரும் இதன் வரலாற்றை அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் திரையைச் சொல்லியாக வேண்டும். மொட்டை மாடியில் நண்பகல் வெயிலில் பின்னொளியை அணைத்ததும், மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த அந்த 7.5 அங்குலத் திரை கறுப்பு வெள்ளைக்கு மாறி, அச்சிட்ட தாளைப் போலத் தெளிவாகப் படிக்கக் கிடைத்தது. கூரைக்கு வெளியேயும் பாடம் நடக்கும் என்பதை உணர்ந்தவர்கள் செய்த வேலை இது. தூசியும் நீரும் புகாத ரப்பர் விசைப்பலகை, தூக்கிச் செல்லக் கைப்பிடி, விரித்தால் முயல் காதுகளைப் போல நிற்கும் வைஃபை ஆன்டெனாக்கள் என்று ஒவ்வொன்றிலும் குழந்தையை மனத்தில் வைத்த அக்கறை தெரிகிறது. குழந்தைகளே பழுது பார்க்கட்டும் என்று உதிரித் திருகாணிகளைக் கூட உள்ளேயே வைத்திருக்கிறார்கள். 433 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 எம்பி நினைவகமும் மந்தமானவைதாம். ஆனால் மின்சாரத்தை மிகக் குறைவாகச் செலவிட வேண்டிய கருவிக்கு அது தெரிந்தே கொடுத்த விலை.

விலையில்தான் முதல் ஏமாற்றம் வந்தது. அந்த அமைப்பின் நிறுவனர் நிக்கோலஸ் நெக்ரோபாண்டே 2005இல் அறிவித்த 100 டாலர் இலக்கு எட்டப்படவே இல்லை; உற்பத்தி தொடங்கியபோது ஒரு கருவிக்கு ஏறத்தாழ 188 டாலர் ஆயிற்று.

ஆனால் ஒரு கல்விக் கருவியை அதன் உறுப்புகளை வைத்து மட்டும் எடைபோட முடியாது. இதை மிக அதிகமாக வாங்கிய நாடு பெரு. அங்கே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் வழங்கப்பட்டன. அந்நாட்டின் 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு, சுமார் 15 மாதங்களுக்குப் பிறகும் கணிதத்திலோ மொழிப் பாடத்திலோ முன்னேற்றம் எதையும் காணவில்லை. பொது அறிதிறன் தேர்வுகளில் மட்டும் சிறிது ஏற்றம் தென்பட்டது. ஏறத்தாழ பத்தாண்டுகளைத் தொடர்ந்து கவனித்த பின்னாளைய ஆய்வும் படிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றே கூறியது. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமே மிஞ்சியது. ஏனெனில் பிள்ளைகள் கருவியைப் புறக்கணிக்கவில்லை, ஆர்வத்தோடுதான் கையாண்டார்கள்.

குறை எங்கே இருந்தது? கருவியைக் கையில் கொடுத்தால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட திட்டம் இது. ஆசிரியருக்குக் கிடைத்தது 40 மணி நேரப் பயிற்சி மட்டுமே. நாளைய கணக்குப் பாடத்தில் இதை எந்த இடத்தில் எடுப்பது என்று அவருக்குக் காட்டித்தர எவரும் இல்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையமும் இல்லை. உடைந்தாலோ தொலைந்தாலோ யார் பொறுப்பு என்ற அச்சத்தால் பல பிள்ளைகள் கருவியை வீட்டுக்கே கொண்டுபோகவில்லை.

உருகுவே இதே கருவியை 2007 முதல் ‘பிளான் செய்பால்’ என்ற பெயரில் வழங்கியபோது, பள்ளிகளுக்கு இணைய இணைப்பையும் பழுதுபார்க்கும் ஏற்பாட்டையும் அரசே பொறுப்பேற்றுச் செய்தது. அங்கும் தொடக்க ஆண்டுகளில் கணித, வாசிப்பு மதிப்பெண்கள் உயரவில்லை என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் போட்டுவைத்த அந்த இணைப்பின் மேல்தான், ஆங்கில ஆசிரியர் இல்லாத வகுப்புகளுக்குத் தொலைவிலிருந்து ஒருவர் காணொளி வழியே பாடம் நடத்த, வகுப்பாசிரியர் உடனிருந்து தொடரும் திட்டம் 2012இல் உருவானது. எக்ஸ்ஓ-1 தன் பெட்டிக்குள் சுமந்து வராத ஆசிரியர் அங்கே திரை வழியாக வந்து சேர்ந்தார்.

பழைய சந்தையில் இந்தக் கருவி கிடைத்தால், பள்ளிக் கருவிகளை வடிவமைப்பவர்கள் வாங்கிப் பிரித்துப் பார்க்கலாம். அந்தத் திரைக்கும் திருகாணிகளுக்கும் என் முழு மதிப்பெண். பிள்ளையின் படிப்புக்காக வாங்க நினைப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.